மஞ்சள் டேப்

"கோச், யாரோ என் டேப்பை நகர்த்துறாங்க" என்றாள் சாருமதி.

கோச் லொரேன் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தப் பக்கம்?"

சாருமதி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. யார் என்று கேட்பார் என நினைத்திருந்தாள். அதற்கு ஒரு பெயரும் தயாராக வைத்திருந்தாள்.

"பின்பக்கம். மேசையை விட்டுத் தள்ளி."

"இன்னிக்கு குதிச்சியா?"

"குதிச்சேன்."

"எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. அது வேற விஷயம், கோச். டேப் நகர்ந்திருக்கு."

கோச் ஒரு சுளையை நீட்டினார்.

சாருமதி வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் அதை முகர்ந்து பார்த்தாள். பிறகு குப்பைக் கூடையில் போட்டாள்.

*

சுற்றிலும் சோளக்காடு உள்ள ஊர். பனிக்காலத்தில் சோளமும் இல்லை, காடும் இல்லை. வெள்ளைதான். அந்த வெள்ளைக்கு நடுவே ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம். அதில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம்.

கூடத்தின் ஓரச் சுவரை ஒட்டி ஒரு நீளக் கம்பளம். அது முடிகிற இடத்தில் துள்ளுபலகை. அதற்கு அந்தப் பக்கம் வால்ட் மேசை.

ஓடி வர வேண்டும். பலகையை மிதிக்க வேண்டும். மேசையில் கை ஊன்றி, மேலே போய்ச் சுழன்று, அந்தப் பக்கம் இரண்டு காலில் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு அசையக் கூடாது.

அவ்வளவுதான். அதற்காகத்தான் ஆறு வயதிலிருந்து உழைப்பு.

ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு துண்டு டேப் ஒட்டியிருப்பாள். ஆளுக்கொரு நிறம். சாருமதியுடையது மஞ்சள். டேப் கொஞ்சம் முன்னால் இருந்தால் கால் பலகையின் நுனியில் போய் விழும், மேசை முகத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் பின்னால் இருந்தால் பலகை எட்டாது.

மற்ற கூடங்களில் கம்பளத்தின் ஓரமாக அளவு நாடா ஒட்டியிருப்பார்கள். இங்கே கோச் அதை உரித்து எறிந்துவிட்டார்.

"நம்பரைப் பாத்தா நம்பர்தான் ஓடும். கால் ஓடாது" என்பார்.

வெளியூர்ப் போட்டிகளில் அவரே அளந்து, அவரே ஒட்டிவிடுவார்.

*

சாருமதிக்கு இது கடைசி வருஷம்.

ஓட்டப் பந்தயக்காரிக்குக் கல்லூரி முடிந்த பிறகும் ரோடு இருக்கிறது. டென்னிஸ்காரிக்கு மட்டை இருக்கிறது. ஜிம்னாஸ்ட்டுக்கு எதுவும் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஓய்வு.

மார்ச்சில் சொந்தக் கூடத்தில் கடைசிப் போட்டி. வால்ட்டில் ஆறு பேர் குதிக்கலாம். ஐந்து பேர் முடிவாகிவிட்டார்கள். ஆறாவது இடத்துக்கு இரண்டு பேர். நான்காம் வருஷத்து சாருமதி. முதல் வருஷத்து பெய்ட்டன்.

சாருமதியின் அம்மாவும் அப்பாவும் நியூ ஜெர்சியிலிருந்து வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மகள் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டுவதைப் பார்ப்பதற்காக அல்ல.

*

இரண்டாம் வருஷத்தில்தான் அது நடந்தது.

தரைப் பயிற்சியில் குதிக்கக் காலை ஊன்றினாள். பின்னாலிருந்து யாரோ குதிகாலுக்கு மேலே உதைத்த மாதிரி இருந்தது. சத்தம்கூடக் கேட்டது.

கோபமாகத் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. அது அறுந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் என்றார் டாக்டர். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

ஃபோனில் அம்மா கேட்டாள். "நெசமாவே யாரும் உதைக்கலையா கண்ணு?"

"இல்லம்மா."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

சாருமதி நல்லா ஞாபகப்படுத்திப் பார்த்தாள். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

*

மூன்றாம் வருஷம் முழுக்க அவள் குதிக்கவில்லை. நான்காம் வருஷம் திரும்பி வந்தபோது ஓட்டம் குறுகிப் போயிருந்தது. எட்டிப் போடுகிற கால், எட்டிப் போட மறுத்தது. ஆகவே மஞ்சள் டேப்பும் மேசையை நோக்கி முன்னால் வந்தது. சுவரில் தீயணைக்கும் சிவப்புக் குடுவை மாட்டியிருந்தது. அவள் காயத்தில் இருந்த வருஷம் சுவருக்கு வர்ணம் அடித்தபோது புதிதாக மாட்டியது. டேப் அதற்கு நேரே ஒட்டப்பட்டது.

டிசம்பரில் கோச் சொன்னார். "ஒரு சாண் பின்னாடி போ."

சாருமதி போய் நின்றாள். ஓடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"ஓடு."

"முடியாது, கோச்."

"ஏன்?"

"பலகை ரொம்பத் தூரத்துல இருக்கு."

கோச் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது டேப் குடுவைக்கு நேராக இல்லை. குடுவையைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. போன வாரத்தைவிட இந்த வாரம் இன்னும் கொஞ்சம்.

*

பெய்ட்டனுக்குப் பச்சை டேப்.

வாய் ஓயாத பெண். நான்காம் வருஷத்துக்காரிகளைக் கிழவி என்று கூப்பிடுவது அந்தக் கூடத்தில் முதல் வருஷத்துக்காரிகளின் உரிமை. பெய்ட்டன் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே அனுபவித்தாள்.

"கிழவி, தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"பாட்டில் காலியா இருக்கே. குடு, ரொப்பிட்டு வரேன்."

"வேணாம்."

"முட்டி வலிக்குதா? நான் வேணா கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். கோச் நிற்கும்போதுதான் இப்படிப் பேசுகிறாள் என்பதை சாருமதி கவனித்தாள். கிழவி, முட்டி, வலி. மூன்று வார்த்தையும் கோச்சின் காதில் விழ வேண்டும்.

கைக்குப் பூசும் வெள்ளைத் தூள் தொட்டியின் பக்கத்தில் பெய்ட்டன் மறுபடி வந்து நின்றாள்.

"சாரு, ஒண்ணு கேக்கணும். முதல் நாள் நம்ம பேரை எழுதினோமே, கம்பளத்துக்கு அடியில."

"ஆமா."

"நான் எங்க எழுதினேன்னே ஞாபகம் இல்ல. உனக்கு உன்னோடது ஞாபகம் இருக்கா?"

அது கோச்சின் வழக்கம். புதிதாக வருகிற பெண்ணை முதல் நாள் ஓட விடுவார். எங்கிருந்து ஓடினால் கால் சரியாகப் பலகையில் விழுகிறதோ, அங்கே கம்பளத்தைத் தூக்கி, மரத்தரையில் பெயர் எழுதச் சொல்வார். பிறகு கம்பளத்தை விரித்துவிடுவார். அதற்கப்புறம் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

"இல்ல" என்றாள் சாருமதி. "எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

சும்மா ஒருத்தி எதற்குக் கம்பளத்தைப் பற்றிக் கேட்கிறாள்? கம்பளத்தின் மேல் இருக்கிற டேப்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவள்தான் கேட்பாள்.

*

"அந்தப் புள்ள பேரென்ன சொன்னே?" என்று கேட்டாள் அம்மா.

"பெய்ட்டன்."

"பேரே செரியில்லையே."

"பேருல என்னம்மா இருக்கு?"

"அவகிட்டத் தண்ணி வாங்கிக் குடிக்காத கண்ணு."

"என் பாட்டில்தாம்மா. ரொப்பித் தரேங்கறா."

"அதத்தாஞ் சொல்றேன். எதுக்கு ரொப்பித் தர்றா? உனக்குக் கையில்லையா?"

சாருமதி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"உங்க கோச்சம்மாகிட்டச் சொல்லிப்போடு. அவங்க நல்லவங்க. உள்ள வரும்போது செருப்பைக் கழட்டிட்டு வர்ற ஒரே ஆளு அந்த ஊருல அவங்கதான். நாம்பாத்தேன்."

"சொன்னேம்மா."

"என்ன சொன்னாங்க?"

"எந்தப் பக்கம்னு கேட்டாங்க."

"அதுல ஏதோ இருக்குது" என்றாள் அம்மா. "எதுக்கும் நீ பாத்துக்கிட்டே இரு."

*

மறுநாள் சாருமதி மறுபடி கோச்சிடம் போனாள்.

"கோச், இன்னும் தள்ளிப் போயிருக்கு."

"சரி."

"சரின்னா?"

"பின்னாடியா, முன்னாடியா?"

"பின்னாடிதான். அதான் அன்னிக்கே சொன்னேனே. நான் பலகை எட்டாம விழணும்னு யாரோ பண்றாங்க."

"விழுந்தியா?"

"இன்னும் இல்ல."

கோச் ஒரு பழைய துண்டால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டை உதறினார்.

"யாரு பண்றாங்கன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவே?"

"நேரா போய்க் கேப்பேன்."

"என்னன்னு?"

"ஏன்னு."

"நல்ல கேள்வி" என்றார் கோச். "நாளைக்கு மறுநாள் காலைல ஆறாவது இடத்துக்குப் பாக்கலாம். நீ முதல்ல. அப்புறம் அவ."

அவ்வளவுதான். துண்டை மடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைச் சொல்லவில்லை, அவ என்றார் என்பதை சாருமதி கவனித்தாள். அப்படியென்றால் அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருக்கிறார்.

பெய்ட்டனைப் பிடித்துப்போயிருக்கும். இன்னும் மூன்று வருஷம் குதிக்கப் போகிறவள். இவள் இரண்டு மாதத்தில் போகப் போகிறவள்.

*

தேர்வுக்கு முந்தின நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போனார்கள். சாருமதி தூள் தொட்டியிலிருந்து இரண்டு கை அள்ளினாள். மஞ்சள் டேப்பைச் சுற்றிக் கம்பளத்தின் மேல் மெல்லத் தூவினாள். கோலப்பொடி தூவுகிற மாதிரி, விரலிடுக்கில் விட்டாள். ஊதிச் சமப்படுத்தினாள்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தாள்.

தூளில் ஒரு கால் பதிந்திருந்தது. வெறுங்கால். டேப்புக்குப் பக்கத்தில், மேசையைப் பார்த்தபடி. டேப் இன்னும் ஒரு விரல்கடை பின்னால் போயிருந்தது.

வெறுங்கால் என்றால் ஜிம்னாஸ்ட்தான். துப்புரவு செய்கிறவர் பூட்ஸ் போட்டிருப்பார். உதவிக் கோச்சுகள் ஷூ போட்டிருப்பார்கள்.

ஃபோனை எடுத்துப் படம் பிடித்தாள். இந்தக் கோணத்தில் ஒன்று, அந்தக் கோணத்தில் ஒன்று. தான் நினைத்தது சரி.

குதிகால் தசைநார் அறுந்த அன்று திரும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை. இன்று இருக்கிறாள்.

தூளைத் துண்டால் துடைத்தாள்.

பிறகு பச்சை டேப் இருக்கும் இடத்துக்குப் போனாள்.

நேராகப் போய்க் கேட்பேன் என்று கோச்சிடம் சொன்னது நினைவு வந்தது. கூடம் காலியாக இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. டேப் மட்டும் இருந்தது.

நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். சுலபமாக உரிந்து வந்தது. ஒரு சாண் தள்ளி, மேசையின் பக்கமாக ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

அவள் என் டேப்பைப் பின்னால் இழுத்தாள். நான் அவளுடையதை முன்னால் தள்ளினேன். சரிக்குச் சரி.

அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

*

எல்லோரும் வந்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்தார்கள். கோச் பலகையின் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றார்.

"கிழவி, நல்லா குதி" என்றாள் பெய்ட்டன். "மேசைக்கு அந்தப் பக்கம் கட்டில் போட்டு வச்சிருக்கோம்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

சாருமதி மஞ்சள் டேப் அருகே போனாள். நிற்கவில்லை. குனிந்து அதை உரித்தாள். எல்லோரும் பார்க்க, சிவப்புக் குடுவைக்கு நேரே கொண்டுபோய் ஒட்டினாள்.

"என்ன பண்றே?" என்று கேட்டார் கோச்.

"என் இடத்துல வைக்கறேன்."

கோச் பலகையின் பக்கத்திலிருந்து மேசையின் பக்கமாக நகர்ந்தார்.

சாருமதி கையைத் தூக்கி வணங்கிவிட்டு ஓடினாள்.

ஓட்டம் நன்றாக வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு அடியும் எட்டி விழுந்தது. பழைய ஓட்டம். ஆனால் பலகை வர வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கால் பலகையின் நுனியில் போய் இடித்தது. மேசை முகத்துக்கு நேரே எழுந்து நின்றது. ஊன்ற வேண்டிய கை ஊன்றவில்லை. நெஞ்சு மேசையில் மோதியது.

ஒரு கை அவள் தோளைப் பிடித்தது. இன்னொரு கை இடுப்பைப் பிடித்தது. மெத்தையில் உட்காரவைத்தது.

கோச்தான்.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"மூச்சு விடு."

சாருமதி மூச்சு விட்டாள். விட்டதும் வார்த்தை வந்துவிட்டது.

"இவதான் கோச். இவதான் என் டேப்பை நகர்த்தினது."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"யாரு, நானா?" என்றாள் பெய்ட்டன்.

"நீதான். பேரை எங்க எழுதினேன்னு கேட்டியே. தண்ணி ரொப்பறேன்னு வந்தியே. நான் விழணும், நீ குதிக்கணும்."

"தண்ணி ரொப்பினது தப்பா?"

"ஆதாரம் இருக்கு" என்றாள் சாருமதி. ஃபோனைத் தேடி எடுத்தாள். படத்தைக் கோச்சிடம் காட்டினாள்.

கோச் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஃபோனைப் பெய்ட்டனிடம் கொடுத்தார்.

பெய்ட்டன் அழுகிற நிலையில் இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். உறிஞ்சுவது நின்றது.

"இதுல நாலு விரல்தான் இருக்கு" என்றாள்.

ஃபோன் கை மாறியது. ஒவ்வொருத்தியாக எண்ணினார்கள். எண்ணி முடித்தவள் எல்லாம் தலையைத் திருப்பிக் கோச்சின் வலது காலைப் பார்த்தாள்.

கோச்சின் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருக்கும். அவர் ஜிம்னாஸ்ட்டாக இருந்த காலத்தில் பீம் கட்டையில் இடித்து உடைந்தது. தரையில் படாது. கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விரல். அதற்கு ஒரு செல்லப் பெயர்கூட உண்டு.

கோச் அந்த விரலை ஒரு தரம் அசைத்துக் காட்டினார்.

"நீங்களா?" என்றாள் சாருமதி.

"தூள் நல்லாவே தூவியிருந்தே. கட்டி இல்லாம."

"நீங்களா கோச்? ஏன்?"

"நல்ல கேள்வி" என்றார் கோச். "இன்னிக்குக் காலைல டேப் எங்க இருந்தது? அங்க போய் நில்லு. சுவர் பக்கமா."

*

சாருமதி போனாள். டேப் உரித்த இடத்தில் கம்பளத்தின் மேல் சின்னதாக ஒரு வெளிறிய தடம் இருந்தது. அதற்கு நேராக, கம்பளத்துக்கு வெளியே, சுவரை ஒட்டி நின்றாள்.

"பெய்ட்டன், அந்த முனையைப் பிடி."

கோச்சும் பெய்ட்டனும் கம்பளத்தின் கடைசி முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தார்கள். பாய் சுருட்டுகிற மாதிரி, இரண்டு பேரும் முட்டி போட்டு. மரத்தரை தெரிய ஆரம்பித்தது. அதில் பெயர்கள். எப்போதோ இங்கே ஓடியவர்களின் பெயர்கள். சில அழிந்துபோயிருந்தன. சிலவற்றின் மேல் வேறு பெயர் ஏறியிருந்தது.

சுருள் சாருமதியின் பாதம் வரை வந்து நின்றது.

நீல மையில் ஒரு பெயர். கோணல் எழுத்து. பக்கத்தில் வால் முளைத்த ஒரு நட்சத்திரம்.

சாரு.

அவள் எழுதியதுதான். பதினெட்டு வயதில். அப்போது யாரும் அவளைப் பின்னாலிருந்து உதைத்திருக்கவில்லை.

அவள் குனிந்து அதைத் தொட்டாள். பிறகு எழுந்து மேசையைப் பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் பலகை தூரத்தில்தான் இருந்தது. இந்தத் தூரத்திலிருந்து நேற்று ஓடினாள். முந்தாநாள் ஓடினாள்.

"சொல்லியிருக்கலாமே, கோச்."

"டிசம்பர்ல சொன்னேன்."

சாருமதி மறுபடி தன் பெயரைப் பார்த்தாள்.

"உன்னோடதும் எங்கயோ இருக்கும்" என்றார் கோச் பெய்ட்டனிடம். "அப்புறம் தேடிக்கலாம். விரி."

கம்பளம் விரிந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக மூடின.

"சாரு இன்னொரு தரம் குதிக்கணும். அது பிறகு. இப்ப பெய்ட்டன்."

*

பெய்ட்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கைக்குத் தூள் பூசினாள். சாருமதியைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"நகர்த்தினது நானா இருந்தா, பச்சையைக் கழட்டி உன் பக்கத்துல ஒட்டியிருப்பேன், கிழவி. ரெண்டு பேரும் ஒண்ணா விழலாம்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். சாருமதிக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் வேறு அர்த்தம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

பெய்ட்டன் பச்சை டேப்பின் பின்னால் போய் நின்றாள்.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. குடுவையைப் பார்க்கவில்லை. டேப்பைக்கூடப் பார்க்கவில்லை. கால்விரலை அதன் ஓரத்தில் வைத்தாள், அவ்வளவுதான். அது அங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சாருமதியின் நெஞ்சில் மேசை மோதிய இடம் இன்னும் வலித்தது. பலகை முன்னாலேயே வந்ததும், மேசை முகத்துக்கு நேரே எழுந்ததும் உடம்பில் அப்படியே இருந்தது.

அவளுக்குக் குடுவையிலிருந்து டேப் தடம் வரை உள்ள தூரம் எவ்வளவு என்று தெரியும். ஒரு சாண். பச்சையும் அதே ஒரு சாண் நகர்ந்திருந்தது.

வாயைத் திறந்தால் ஆறாவது இடம் போய்விடும். இது ஆறாவது இடத்தோடு முடியாது. கோச் வீட்டுக்கு ஃபோன் போடுவார். அம்மா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரு என்ன சொன்னாங்க கண்ணு என்று கேட்பாள்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. டேப்பை நகர்த்துகிறவர் யார் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். கோச் என்பார்கள்.

பெய்ட்டன் கையைத் தூக்கி வணங்கினாள்.

கோச் பலகையின் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை மேசையின் பக்கமாக நகரவில்லை.

பெய்ட்டன் ஓடத் தொடங்கினாள்.

சாருமதி என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. கம்பளத்தின் நடுவே போய் நின்றாள். பலகைக்கு முதுகைக் காட்டி, ஓடி வருகிறவளைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து.

பெய்ட்டன் பார்த்தாள். நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளங்கைகள் இரண்டும் சாருமதியின் தோளில் வந்து அறைந்தன. இரண்டு பேரும் கம்பளத்தில் விழுந்தார்கள். வெள்ளைத் தூள் எழும்பியது.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் பெய்ட்டன்.

சுவரோரம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சாருமதி எழவில்லை. தோளில் இரண்டு வெள்ளைக் கைத்தடம். பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"உன் டேப் நகர்ந்திருக்கு" என்றாள்.

பெய்ட்டன் அவளைப் பார்த்தாள். பச்சை டேப்பைப் பார்த்தாள். பிறகு கோச்சைப் பார்த்தாள்.

கோச் பலகையைச் சுற்றிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று சாருமதியைக் கேட்டார்.